கடிதம் கொடுத்தவருக்கு ஒரு சிட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை அரச சேவையின் சீர்திருத்தம் பற்றியும் பொறுப்புக்கூறல் பற்றியும் அண்மைக்காலமாகப் பத்திரிகைகளில் நிறைய எழுதப்படுகின்றது. பொறுப்புக்கூறல் என்றதும் தமிழ் வாசகரின் நினைவு ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக்குச் செல்வது இயல்பு. அதற்கான காரணங்களை இங்கே விளக்க வேண்டியதில்லை. நான் எழுத விரும்புவது அச்சொல்லின் மிகச் சிறிய, அன்றாட வடிவத்தைப் பற்றியது. அரச அலுவலகமொன்றின் கருமபீடத்தில் நாம் கொடுக்கும் கடிதம் எவர் கைக்குப் போகிறது, எந்தத் திகதிக்குள் அதற்குப் பதில் வரும் என்பதை நாம் அறிந்துகொள்ள வழியுண்டா என்பதே என் கேள்வி. முப்பத்தொரு ஆண்டுகள் எழுதுவினைஞனாக அந்தக் கருமபீடத்தின் உட்புறத்தில் இருந்துவிட்டு, இப்போது வெளிப்புறத்தில் வரிசையில் நிற்பவன் என்ற முறையில் இதை எழுதுகின்றேன்.

என் தங்கை ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய சுயவிபரக் கோவையில் இரண்டு ஆண்டுச் சேவை பதியப்படாமல் விடுபட்டிருந்தது. அதைத் திருத்தித் தருமாறு கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, நியமனக் கடிதத்தின் பிரதியையும் இணைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடிதத்தை வாங்கிய பெண் அதை மேசையில் இருந்த கடிதக் கட்டின்மேல் வைத்து, காற்றில் பறக்காதபடி துளையிடும் கருவியை அதன்மேல் தூக்கி வைத்தார். கிடைத்ததற்கு ஒரு சிட்டை தரமுடியுமா என்று கேட்டேன். "நாங்கள் என்ன, தொலைத்துவிடவா போகிறோம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் அதே இடத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இரண்டு மாதங்களின் பின் போனபோது கடிதம் இல்லை. மீண்டும் ஒன்று கொடுத்தோம். அடுத்தமுறை போனபோது "மாத்தயா (ஐயா) லீவு, புதன்கிழமை வாங்கோ" என்றார்கள். மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அந்தக் கடிதங்களுக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை நான் ஊகித்துச் சொல்லவேண்டியதில்லை. காலையில் வரும் தபால் ஒரு கோவையில் வைக்கப்பட்டு அலுவலகத் தலைவரின் மேசைக்குப் போகும். அவர் ஓரத்தில் 'நடவடிக்கைக்கு' என்று எழுதிச் சுருக்கொப்பமிடுவார். அதன்பின் அது விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் தட்டுக்கு வரும். உள்வரும் கடிதப் பதிவேட்டில் அது பதியப்பட்டிருந்தால் அதற்கு ஓர் இலக்கம் உண்டு. கையிலே கொடுக்கப்பட்ட கடிதங்கள் பலவேளைகளில் அப்பதிவேட்டைக் காண்பதேயில்லை. உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தால், கையளிப்புப் பட்டியலில் கோவைகள் இருக்கும், தட்டில் கிடக்கும் கடிதங்கள் இருக்கமாட்டா. புதிதாக வருபவர் அவற்றை ஒரு கட்டாகக் கட்டி அலுமாரிக்குள் வைப்பார். தமிழில் எழுதப்பட்ட கடிதமானால் 'மொழிபெயர்ப்புக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற இன்னொரு தரிப்பிடமும் அதற்கு உண்டு; அங்கு இறங்கிய கடிதங்கள் சில மீண்டும் ஏறுவதேயில்லை.

இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. ஓர் உத்தியோகத்தர் தீர்மானம் ஒன்றை எடுத்து அதில் ஒரு சிறு பிழை நேர்ந்தால், அரச நிதி விதிகளான நிதிப் பிரமாணத்தைக் காட்டி, கணக்காய்வாளரிடமிருந்து விளக்கம் கோரும் ஐயவினா வரும். விளக்கம் எழுத வேண்டும். பதவியுயர்வு நேரத்தில் அது கோவையிலிருந்து எட்டிப் பார்க்கும். அதே உத்தியோகத்தர் எந்தத் தீர்மானமும் எடுக்காமல் கடிதத்தை ஓராண்டு வைத்திருந்தால் அவரை எவரும் எதுவும் கேட்பதில்லை. என் முதல் வேலைத்தலத்தில், பிழையென்று தெரிந்தும் அவசரப்பட்டுத் திருத்தாதே என்று மூத்தவர் ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். அவர் கெட்டவரல்லர், அந்த முறைமையை நன்கு விளங்கிக்கொண்டவர். செய்ததற்குத் தண்டனையும் செய்யாததற்குப் பாதுகாப்பும் தருகின்ற ஓர் ஏற்பாட்டில், புத்தியுள்ள எவரும் செய்யாமல் இருப்பதையே தெரிவுசெய்வார்.

சட்டங்கள் எம்மிடம் குறைவில்லை. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இருக்கின்றது. அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தை உரியவரிடமிருந்தே அறவிடும் மிகைக்கட்டண ஏற்பாடு அதில் உண்டு, ஆயினும் அதை விதிக்கும் பொறுப்பு அச்சட்டம் இயற்றப்பட்டபோது பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தரிடம், அதாவது அமைச்சின் செயலாளரிடமே விடப்பட்டது. 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுகை பற்றிய மதிப்பீட்டறிக்கை வெளிவந்தது. அரச நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் விசாரணைகளைத் தொலைக்காட்சியில் பார்த்து நாம் தலையில் கைவைத்துக் கொண்டதுமுண்டு. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் இவை அனைத்தும் ஒரு காரியம் எழுத்தில், திகதியோடு, ஒருவரின் பெயரோடு பதியப்பட்ட பின்னரே வேலைசெய்யத் தொடங்குகின்றன.

பொருளாதார நெருக்கடி தொடர்பாக உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆம் திகதி வழங்கிய தீர்ப்பை எண்ணிப் பாருங்கள். முன்னாள் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக 2019 டிசம்பர் முதலாம் திகதி குறைக்கப்பட்டமை முதலிய தீர்மானங்கள், இன்ன நாளில் இன்னார் எடுத்தவை என்று சுட்டிக்காட்டக்கூடியனவாக இருந்தன. மேல்மட்டத் தீர்மானத்துக்கு நாளும் ஆளும் உண்டு. என் தங்கையின் முதலிரண்டு கடிதங்களுக்கு நாளும் இல்லை, ஆளும் இல்லை.

இறுதியில் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் உதவியை நாடினோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான இது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. காரணம் கூறவேண்டியதில்லை, தமிழில் எழுதலாம், விண்ணப்பம் கிடைத்ததைத் தகவல் அலுவலர் உடனடியாக எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலைநாட்களுக்குள் எடுக்க வேண்டும். மூன்றே கேள்விகள் கேட்டோம்: எமது கடிதங்கள் எந்த இலக்கத்தின்கீழ் பதியப்பட்டன, எந்தப் பதவியிலுள்ளவரிடம் கொடுக்கப்பட்டன, அவர் என்ன நடவடிக்கையை எந்தத் திகதியில் எடுத்தார். அதே கருமபீடம்தான்; ஆனால் இம்முறை முத்திரை குத்திய தாளொன்று எங்கள் கையில் தரப்பட்டது. பதில் மூன்றாவது வாரத்தில் வந்தது, சிங்களத்தில். அயல்வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னாள்: முதலிரண்டு கடிதங்களும் பதிவேட்டில் இல்லை, மூன்றாவது பதியப்பட்டிருக்கிறது, அதைப் பெற்ற உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். அடுத்த மாதமே கோவை திருத்தப்பட்டது. யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நியமனக் கடிதத்தின் பிரதியைப் பார்த்து இரண்டு வரிகள் எழுதவேண்டியிருந்தது, அவ்வளவே.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. தகவல் கேட்டு எழுதும் கடிதத்துக்குச் சட்டம் ஓர் ஒப்புகைச் சிட்டையைக் கட்டாயமாக்கியிருக்க, நியாயம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு அது இல்லாமற் போயிற்று. ஆகவே சாதாரணக் கடிதம் செய்திருக்க வேண்டிய வேலைக்கெல்லாம் மக்கள் தகவலறியும் சட்டத்தைச் சுற்றுவழியாகப் பயன்படுத்துகின்றார்கள். அது தெரியாதவர்கள் புதன்கிழமைகளில் வந்து போகின்றார்கள். 2025 பெப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட கவ்பே (GovPay) என்ற இணையவழிக் கொடுப்பனவு முறையில் அரசுக்குப் பணம் செலுத்தினால் அதற்கான பற்றுச்சீட்டு தொலைபேசிக்கே வந்துசேரும் என்கிறார்கள். பணத்தை வாங்கும்போது தரக்கூடியதை முறைப்பாட்டை வாங்கும்போது தரமுடியாதென்று சொல்வது எப்படி?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அன்று. பொதுமக்களிடமிருந்து வாங்கப்படும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவிலக்கம், திகதி, அதைக் கையாளவுள்ள உத்தியோகத்தரின் பதவி, பதில் எதிர்பார்க்கக்கூடிய நாள் ஆகிய நான்கும் கொண்ட ஒரு சிட்டை தரப்பட வேண்டும். கடிதம் எழுதப்பட்ட மொழியிலேயே அதுவும் இருக்க வேண்டும். தமிழை அரசகரும மொழியாகவும் நிர்வாக மொழியாகவும் ஏற்ற அரசியலமைப்பின் 13ஆம், 16ஆம் திருத்தங்களுக்குப் பின் தமிழில் பதில் பெறுவதை நாம் சலுகையாகக் கேட்கவேண்டியதில்லை. ஆறு மாதங்களுக்கு மேல் பதிலின்றி இருக்கும் கடிதங்களின் தொகை, பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்கப்படும் வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கையில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டும். அந்த ஒரு வரி வந்துவிட்டால், செய்யாமல் இருப்பவருக்கும் ஐயவினா போகும்.

இது ஆளணிப் பற்றாக்குறைக்கு நடுவே புதிய சுமை என்று சிலர் சொல்லக்கூடும். ஒரே முறைப்பாட்டுக்காக நாங்கள் மூன்று கடிதம் எழுதி, நான்கு தடவை வந்து, இறுதியில் தகவல் விண்ணப்பமும் கொடுத்தபோது அந்த அலுவலகத்துக்கு ஏற்பட்ட வேலை எவ்வளவு என்பதை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி சுவர்களில் தொங்கும் பிரசைகள் சாசனங்களில் 'இச்சேவை ஒரு நாளில்', 'அச்சேவை மூன்று நாட்களில்' என்றெல்லாம் அழகாக எழுதப்பட்டிருக்கின்றது. அந்த நாட்கள் எப்போது தொடங்கின என்பதைக் காட்ட, வந்தவர் கையில்தான் எதுவும் இல்லை.

இதற்குப் பாராளுமன்றத்தில் புதிய சட்டமூலம் தேவைப்படாது. சுதந்திர சதுக்கத்திலுள்ள அரச நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். அதன் தமிழ்ப் பிரதியும் அதே நாளில் வெளிவரவேண்டும் என்பதையும் இப்போதே சேர்த்துக் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.