வைக்கோல் கட்டை மாடிக்கு ஏற்றாதே

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். சித்ரா பாட்டியாகிவிட்டாள். பேத்திக்கும் அதே மூக்காம், பாவம். மற்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். மதுராந்தகத்தில் பன்னிரண்டு வைக்கோல் கட்டு சொல்லிவைத்திருப்பதாகவும், வந்ததும் மொட்டை மாடியில் வரிசையாக வைத்து, மண்ணே இல்லாமல் அந்தக் கட்டுக்குள்ளேயே தக்காளி நடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மாடிக்கு ஏற்றாதேடி.

கணக்கு உனக்கு வராது என்று எமிலி டீச்சரே சொன்னதுதான், நானே போட்டுவிடுகிறேன். மிஷினில் சுருட்டிய உருளைக் கட்டு காய்ந்திருக்கும்போது 15, 16 கிலோ இருக்கும். ஊறிய பிறகு 50 கிலோவைத் தாண்டும். பன்னிரண்டும் சேர்ந்தால் 600 கிலோவுக்கு மேல். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் கட்டுமான விதியில் கணக்கு வைக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. இரண்டடி அகலக் கட்டை நிமிர்த்தி வைத்தால் அதன் அடியில் மட்டும் 180, 190 ஆகிவிடும். மாதக்கணக்கில் அப்படியே நிற்கும் பாரம் அது. போதாததற்கு அடியிலிருந்து பழுப்புச் சாறு வடிந்துகொண்டே இருக்கும். மழைக்கு ஒழுகுகிற தளம் என்று நீயே புலம்பியிருக்கிறாய்.

பின்பக்கம் பில்டர் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் கொட்டி நிரப்பி வைத்திருக்கிறானே, கடப்பாரை கூட இறங்காது என்றாயே, அந்த இடம் போதும். இந்த முறையே அப்படிப்பட்ட இடத்துக்குத்தான். அடியில் மண் எப்படி இருந்தாலும் கவலை இல்லை, வேர் ஓடுவது கட்டுக்குள்தான். ஆறு மணி நேரம் வெயில் விழுகிறதா என்று மட்டும் பார். கட்டைத் தரையில் நேரே வைக்காதே, கரையான் ஏறும். செங்கல் பரப்பி, அதன்மேல் எலி நுழையாத கம்பி வலை போட்டு, அதற்குமேல் வை. தட்டையான முனை மேலே பார்க்க வேண்டும், கயிறு பக்கவாட்டில் சுற்றி வரவேண்டும். படுக்க வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் பக்கமெல்லாம் வழிந்துவிடும்.

இனி உரம். நீ பார்த்த வீடியோவெல்லாம் மின்னசோட்டாக்காரர் ஜோயல் கார்ஸ்டன் பரப்பிய முறை. அங்கே கோதுமை, ஓட்ஸ் வைக்கோல், செவ்வகக் கட்டு. நம்முடையது நெல் வைக்கோல். சிலிக்கா அதிகம், மேலே மெழுகுப் பூச்சு வேறு. முதலில் தண்ணீரையே ஏற்காது, மட்கவும் நேரம் எடுக்கும். அவர்கள் பன்னிரண்டாம் நாள் நடுகிறார்கள் என்று நீயும் நாள் குறித்து நாற்றுக்குச் சொல்லிவிடாதே.

முதல் மூன்று நாள் வெறும் தண்ணீர், காலையும் மாலையும், அடியில் ஒழுகும் வரை. 4, 5, 6ஆம் நாட்களில் ஒரு கட்டுக்கு 80 கிராம் யூரியா, அதாவது 200 மில்லி டம்ளரில் பாதி. மேலே பரவலாகத் தூவி, குருணை கரைந்து உள்ளே போகும் வரை பூவாளியால் ஊற்று. ஹோஸை வைத்து அடித்தால் அத்தனையும் அடிவழியே ஓடிவிடும். 7, 8, 9ஆம் நாட்களில் பாதியாக்கி 40 கிராம். பத்தாம் நாள் 17:17:17 காம்ப்ளக்ஸ், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம், 100 கிராம். ஆக ஒரு கட்டுக்கு 360 கிராம் யூரியா, பன்னிரண்டுக்கும் சேர்த்து நாலரை கிலோவுக்குள். கடைக்காரர் 45 கிலோ மூட்டையைத் தலையில் கட்டப் பார்ப்பார், விழித்துக்கொள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பாய். நெல் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, அறுபது எழுபது பங்கு கார்பன். மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25, 30க்குள் இருந்தால்தான் வேலை ஓடும். குறைகிற தழைச்சத்தை நாம் கொடுக்காவிட்டால் செடிக்குப் போகவேண்டியதை அவை பிடுங்கிக்கொள்ளும். நட்ட பத்தே நாளில் அடியிலை மஞ்சளாகி, செடி அப்படியே நின்றுவிடும். பெரும்பாலோர் ‘வைக்கோலில் ஒன்றும் வராது’ என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

உன் மருமகள் யூரியாவை வீட்டுக்குள் விடமாட்டாள் என்றால் கடலைப் பிண்ணாக்கு போடலாம். அதில் தழைச்சத்து 7 சதம்தான், ஆகவே கட்டுக்கு இரண்டேகால் கிலோவாவது வேண்டும், நாளும் மூன்று வாரத்துக்கு மேல் பிடிக்கும். தூளாகத் தூவினால் எறும்பும் எலியும் விருந்துக்கு வரும். ஊறவைத்துக் கரைத்து ஊற்று. நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை.

ஐந்தாறு நாளில் சூடு பிடிக்கும். வைக்கோலை விலக்கிக் கையை விட்டால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி அடிக்கும், உள்ளே 50, 55 டிகிரி கூடப் போகும். அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, தாள் தொட்டால் பிய்யும். அதுதான் வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் நாற்றை வைத்தால் வேர் வெந்துவிடும். முழங்கை வரை கையை விட்டு நிதானமாகப் பத்து எண்ண முடிகிற வரை காத்திரு. அம்மோனியா மூக்கில் ஏறினாலும் நடாதே, இரண்டு நாள் தண்ணீர் மட்டும் விடு. சூடே வரவில்லை என்றால் உள்ளே காய்ந்து கிடக்கிறது, அல்லது யூரியா ஒழுகிப் போய்விட்டது.

ஒன்று மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உங்கள் தெருவில் மாடுகள் அவிழ்த்துவிட்டுத் திரிகின்றன. வைக்கோலைக் கண்டால் விடுமா? யூரியாவை அளவாகக் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடிவைத்துத் தீவனமாகக் கொடுப்பது உண்டு, அது வேறு. கரையாமல் கிடக்கும் குருணையை ஒரு கன்று நக்கினால் ரத்தத்தில் அம்மோனியா ஏறி, சில மணி நேரத்தில் செத்துப்போகும். முதலில் வேலி, அப்புறம்தான் யூரியா. மூட்டையையும் உள்ளே வைத்துப் பூட்டு.

நடுவது சுலபம். களைக்கொத்தால் ஒரு கை ஆழம் பறித்து, இரண்டு கைப்பிடி மட்கிய தொழுவுரம் போட்டு நாற்றை வை. ஒரு கட்டுக்குத் தக்காளி, கத்தரி என்றால் இரண்டு, மிளகாய் மூன்று, பீர்க்கை, பாகல் இரண்டு. வெண்டை விதையாகவே போடலாம், மேலே இரண்டு அங்குலம் எரு பரப்பினால் போதும், கீரைக்கும் அப்படியே. மக்காச்சோளம் வேண்டாம், கட்டு இளகியதும் சாய்ந்துவிடும். பந்தல் கால், தாங்குக்குச்சி எதையும் கட்டில் குத்தாதே. மூன்று மாதத்தில் கட்டு பாதி உயரத்துக்கு அமுங்கிவிடும், அதை நம்பி நிற்கிற குச்சி செடியோடு விழும்.

தண்ணீர் செடி சிறிதாக இருக்கும்போது கட்டுக்கு நாளுக்கு நாலைந்து லிட்டர், காய்க்கும்போது எட்டு பத்து. ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் குடம் குடமாகக் கொட்டினால் தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகும். நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடாதே, தண்ணீரைச் சீராக்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளி, அல்லது பஞ்சகவ்யா 30 மில்லி. ஐப்பசி மழையில் சத்தெல்லாம் கரைந்து ஓடும், அப்போது விட்டுவிடாதே.

கட்டின் மேல் நெல் முளைக்கும், மிஷின் விட்ட மணிகள்தான். பிடுங்கினால் நாற்றும் கிளம்பிவரும், கத்தரியால் வெட்டு. சாம்பல் நிறத்தில் குடைக்காளான் வரும், செடிக்கு ஒன்றும் செய்யாது. வைக்கோலில் முளைத்ததெல்லாம் தின்கிற காளான் என்று குழம்பு வைத்துவிடாதே, உன் சமையலையே தாங்கியவர்கள் நாங்கள்.

ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. கட்டு வந்ததும் என்ன கயிறு என்று பார். சணல் என்றால் ஈரத்தில் இரண்டு மாதத்தில் இற்றுக் கட்டு பிரிந்துவிடும், இப்போதே மேலும் கீழும் நைலான் கயிறு ஒரு சுற்று போட்டுவிடு. உள்ளே கறுத்துப் பூசணம் பிடித்த கட்டாக இருந்தால் வண்டியிலிருந்து இறக்கவே விடாதே.

அன்புடன்,
கௌரி
மன்னார்குடி