அந்தக் கிணறு என் கற்பனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு வாரமலரில் என்னுடைய மிகைபுனைவு (ஃபேன்டசி) நாவலைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். நன்றி. ஆனால் அதைச் சிறுவர் பக்கத்தில், புள்ளிகளை இணைத்து முயலைக் கண்டுபிடிக்கும் படத்துக்குக் கீழே போட்டது ஏன் என்றுதான் விளங்கவில்லை. என் ராசா இரண்டாம் அத்தியாயத்திலேயே சொந்தத் தம்பியைக் கொல்கிறான். பிள்ளைகள் வாசித்துவிட்டு வந்து கேள்வி கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, பக்கம் போகட்டும். "கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டிருக்கிறார்" என்று பாராட்டியிருந்தீர்களே, அதுதான் எழுத வைத்தது. நான் தட்டிவிட்டது நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற நிசக் குதிரை. முதலில் எழுதியபோது என் குதிரை இரவு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் ஓடியது. பிறகு குறிகட்டுவானில் படகேறிப் போய், நல்ல கோடையில், ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அந்தக் குதிரைகள் ஒன்றையொன்று கடித்துத் தள்ளுவதை அரை நாள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்து அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன்.

பகலில் நான் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவன். விடிய நாலரைக்கு எழும்பினால் ஆறு மணி வரை சி.ஆர். கொப்பியில் இரண்டு பக்கம் எழுதலாம், அதில் ஒன்றரைப் பக்கம் மறுநாள் வெட்டுப்படும். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, உங்கட ராசா இண்டைக்காவது அந்த ஆத்தைக் கடப்பாரோ?" என்று கேட்பாள். ராசா ஆறு மாதமாகக் கரையிலேயே நின்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவனுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆற்றை எழுதத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆற்றை எடுத்துவிட்டுக் கிணற்றை வைத்தேன்.

அந்தக் கிணற்றுக்காகவே மாதக்கணக்கில் சனிக்கிழமைப் பின்னேரங்களைப் பொது நூலகத்தில் கழித்தேன். அங்கே நான் தேடி வாசித்தது மந்திரவாதி கதைகளை அல்ல, சுண்ணக்கல்லைப் பற்றி. மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல், பாரம் குறைவு என்பதால், மிதந்து நிற்கிறது. நாங்கள் குடிப்பது அந்த மிதக்கிற தண்ணீரைத்தான். துலா மிதித்து இறைத்த காலத்தில் அது தாங்கியது, மெஷின் வைத்து அளவில்லாமல் இறைத்தால் உப்பு மேலே ஏறும். புத்தகத்தில் இதை வாசித்த கிழமையே தோட்டக்காரப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். மனிசன் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே சொன்னார்: "தம்பி, மேல் தண்ணிதான் எங்கட. ஆசைப்பட்டு இறைச்சா கீழ இருக்கிறவர் எழும்பி வந்திடுவார்." என் நாவலின் பூதம் அன்றைக்குத்தான் பிறந்தது.

கடைக்கு வருகிற, ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளை ஒன்று, "அங்கிள், டோல்கீன் மாதிரி எழுதுங்கோவன்" என்று கேட்டது. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய அவர் ஒக்ஸ்ஃபோர்ட்டில் பழைய ஆங்கிலம் படிப்பித்த பேராசிரியர், கதைமாந்தர் பேசுவதற்கென்று மொழிகளையே உருவாக்கி வைத்திருந்தவர். நான் இன்னும் எங்கட பழைய கதைகளையே வாசித்து முடிக்கவில்லை. சோழ இளவரசிக்குக் குதிரை முகம், கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடியதும் அது நீங்கியது, மா என்றால் குதிரை, அதனால் ஊருக்கே மாவிட்டபுரம் என்று பெயர். குதிரை முகம் விட்டுப்போன ஊருக்கு ரிக்கெற் எடுத்து பஸ்ஸில் போய் இறங்குகிற சனம், மிகைபுனைவு எங்களுக்குப் புதிது என்று சொல்வதைக் கேட்கத்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று. எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நாவலில் கொண்டுவரச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். கொண்டுவர மாட்டேன். 1981இல் 97,000 அளவான நூல்கள் எரிந்ததை நெருப்புக் கக்கும் பறவை ஒன்றின் தலையில் கட்டிவிட்டால் கொளுத்தினவன் தப்பிவிடுவான். மிகைபுனைவுக்குள் வைக்கக் கூடாதவையும் உண்டு.

கடைசியாக ஒரு திருத்தம், முடிந்தால் வரும் ஞாயிறே போடுங்கள். "மேலே நன்னீரும் அடியில் உவர்நீரும் கொண்ட கிணறு என்ற விசித்திரக் கற்பனை" என்று எழுதியிருந்தீர்கள். முழு நாவலிலும் நான் கற்பனை செய்யாத இடம் அது ஒன்றுதான். நவக்கிரியில் இருக்கிற நிலாவரைக் கிணறு அது. இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்று பெரிய ஆட்கள் சொல்லுவார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் எட்டிப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கோண்டாவில்.