குளிர்நிலை தவறி வந்த செக்குகினுமாப் ஊசிகள் தொடர்பான புகார்

பெறுநர்: நிர்வாகி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடுமையான சொரியாசிஸுக்காகத் தோல் நிபுணரின் பரிந்துரைப்படி செக்குகினுமாப் ஊசி போட்டுக்கொண்டு வரும் நான், அம்மருந்தைத் தங்கள் மருந்தகத்தின் வீட்டு விநியோகச் சேவை வழியாகவே வாங்கி வருகிறேன். கடந்த வியாழக்கிழமை வந்த பெட்டியைப் பற்றியும் அதற்குப்பின் தங்கள் அலுவலர் அளித்த பதிலைப் பற்றியும் இப்புகாரை எழுதுகிறேன்.

முற்பகலில் நேரில் ஒப்படைப்பதாகக் குறுஞ்செய்தி வந்ததால் விடுப்பு எடுத்துக் காத்திருந்தேன். விநியோகிப்பவரோ என்னை அழைக்காமலே, எங்கள் அடுக்குமாடியின் பாதுகாவலர் சாவடியில் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது தகரக் கூரை போட்ட சாவடி; ஜெலுத்தோங்கின் நண்பகல் வெயிலைப் பினாங்கிலேயே இயங்கும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாலையில் பாதுகாவலர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. திறந்து பார்த்தபோது ஐஸ் பைகள் முழுக்க உருகித் தொளதொளத்துக் கிடந்தன. மருந்தின் அட்டைப்பெட்டி அடியில் ஊறியிருந்தது. ஊசிப் பேனாக்களில் குளிர்ச்சியே இல்லை. வெப்பநிலையைக் காட்டும் அட்டை எதுவும் உள்ளே வைக்கப்படவில்லை.

தொலைபேசியில் முறையிட்டதற்கு, "ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்றும் ஆகாது" என்று தங்கள் அலுவலர் கூறினார். எதை வைத்து அப்படிக் கூறினார் என்பதே என் கேள்வி. செக்குகினுமாப், ஐஎல்-17ஏ என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஓர் எதிர்ப்பொருள். அதுவும் புரதமே என்பதால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட வேண்டும், உறையவும் விடக்கூடாது. தேவைப்பட்டால் அதிகபட்சம் 4 நாள்கள் வெளியே வைக்கலாம் என்னும் சலுகை உண்டு என்பதை அறிவேன். ஆனால் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது அச்சலுகையின் நிபந்தனை. அந்தச் சாவடியில் வெப்பம் எவ்வளவு ஏறியது என்பது தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெப்பத்தால் புரதம் சிதைந்திருந்தாலும் மருந்து தெளிவாகவே தோன்றலாம் என்பதால், பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் புற ஊதாக் கதிர் சிகிச்சையும் பலன் தராத பிறகே இம்மருந்துக்கு வந்தேன். தொடக்கத்தில் வாரந்தோறும் போட்டு, இப்போது மாதம் ஒருமுறை 300 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் பேனா இரண்டு, போட்டுக்கொள்கிறேன். முழங்கையிலும் தலையிலும் வெடித்து இரத்தம் கசிந்த படைகள் அடங்கியிருப்பது இந்த ஒழுங்கினால்தான். வீரியம் இழந்த மருந்தைப் போட்டுக்கொண்டு நோய் திரும்பினால், மருந்தே வேலை செய்யவில்லை என்று மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றவும் கூடும். காப்புறுதி இதற்குக் கைகொடுக்காததால் முழுத் தொகையும் என் சொந்தப் பணம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே, அடுத்த ஊசி நாளான வரும் புதன்கிழமைக்குள் இரண்டு பேனாக்களையும் கட்டணமின்றி மாற்றித் தருமாறும், கிடங்கிலிருந்து புறப்பட்டது முதல் பெட்டி எங்கெங்கு எவ்வளவு நேரம் இருந்தது என்ற பதிவை எழுத்து மூலம் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடுவேன். பழைய பேனாக்களைப் பயன்படுத்தாமல் தனியே வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல வருபவர் இம்முறையாவது என்னை அழைத்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு