டிரெய்லர் டயருக்குப் பட்டன் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ராமநாதபுரம் – ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் டிரெய்லரை அடிக்கடி பார்க்கலாம். விடுமுறைக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் காருக்குப் பின்னால் இழுத்து வரும் தங்கும் டிரெய்லராக இருக்கும். மற்ற நாட்களில் ஃபைபர் படகை ஏற்றிய இரு சக்கர டிரெய்லராக இருக்கும். வெடித்த டயரைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேடு, நன்றாகவே இருக்கிறது. "பட்டன் இவ்வளவு இருக்கே, எப்படி வெடிச்சது?" என்றுதான் உரிமையாளர் முதலில் கேட்கிறார். இதற்கு விடை தெரிந்திருந்தால் அடுத்த டயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிடலாம். அதனால் டிரெய்லர், டயர் வேலையில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

காரின் டயர் ஓடித் தேய்கிறது. டிரெய்லரின் டயர் நின்றே கெடுகிறது. வெயிலையும் காற்றிலுள்ள ஓசோனையும் தாங்குவதற்காக டயர் ரப்பரில் ஒருவகை மெழுகு சேர்த்திருக்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் வளைந்து நிமிரும்போது அது மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு முழுதாகக் கிடைப்பதில்லை. முதலில் பக்கச் சுவரில், எழுத்துகள் பொறித்த இடத்தை ஒட்டி, தலைமுடி அளவுக்குக் கோடுகள் விழும். விரல் நகத்தால் வருடினால் நகம் தட்டும். அப்படித் தட்டினால் அந்த டயரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் சட்டப்படி டயர் செல்லும். டிரெய்லரைப் பொறுத்தவரை அந்த அளவுகோலை எட்டுவதற்கு முன்பே டயர் செத்துப் போகிறது.

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது டயரின் வயது. பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். மாட்டிய டயரில் வெளிப்பக்கம் காணோம் என்றால் குனிந்து டார்ச் அடித்து உள்பக்கம் தேட வேண்டும். புதிய டயர் செய்து ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஓராண்டைத் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். ஓடும் டிரெய்லரில் 5 ஆண்டு ஆனதும் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். 6 ஆண்டைத் தாண்டிய டயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழற்றுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். ஓடவே இல்லை என்பதால் அது புதியது ஆகிவிடாது.

அடுத்தது எடை. இதில்தான் நம் பக்கம் பெரிய தவறு நடக்கிறது. சிறிய காரில் கழற்றிய 145/80 ஆர் 12 டயர் மலிவாகக் கிடைக்கிறது, ரிம்மிலும் உட்கார்ந்துவிடுகிறது, எனவே மாட்டிவிடுகிறார்கள். அளவை அடுத்து வரும் லோடு இண்டெக்ஸ் எண்ணை யாரும் படிப்பதில்லை. அந்த அளவில் வழக்கமாக 74 என்று இருக்கும். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். காருக்கான டயரை டிரெய்லரில் மாட்டும்போது இந்தத் திறனை 1.1-ஆல் வகுத்துக்கொள்வது அமெரிக்காவில் விதி. அப்படிப் பார்த்தால் 340 கிலோ, இரண்டுக்கும் சேர்த்து 680 கிலோதான். அதன் மேல் படகும் எஞ்சினும் வலையும் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கை இப்படிப் போடுங்கள். எல்லாச் சாமானும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியும் நிரப்பி எடை மேடையில் நிறுத்துங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. மொத்தம் 1,400 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் இறங்கும். மீதி 1,260 கிலோ இரண்டு சக்கரத்தில், அதாவது ஒன்றுக்கு 630. லோடு இண்டெக்ஸ் 92 என்பது சரியாக 630 கிலோ. ஆனால் அந்த எண்ணில் வாங்கக் கூடாது. சுமை இரு பக்கமும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஒரு பக்கம் சமையல் சிலிண்டரும் ஐஸ் பெட்டியும் இருக்கும், மறுபக்கம் வெறும் படுக்கை. குழியில் இறங்கும் நொடியில் எடை இன்னும் கூடும். 20 சதவீதம் கூடுதலாக வைத்தால் 756 கிலோ. எனவே 99 (775 கிலோ) அல்லது 100 (800 கிலோ) பார்த்து வாங்க வேண்டும். முடிந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றியும் எடை பாருங்கள். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பலருக்கு வியப்பாக இருக்கும்.

டிரெய்லருக்கென்றே எஸ்.டி. என்ற எழுத்துடன் தனி வகை டயர் அமெரிக்காவில் உண்டு. நம் பக்கக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக நாங்கள் சொல்வது சிறு சரக்கு வண்டிக்கான டயரை. பக்கச் சுவர் கெட்டியாக இருக்கும், டயரின் உறுதியைக் காட்டும் பிளை எண் 6 அல்லது 8 என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு, 185 ஆர் 14 அளவில் 8 பிளை டயருக்கு வழக்கமாக 102/100 என்று இருக்கும். ஒற்றைச் சக்கரமாக மாட்டினால் 850 கிலோ, இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒவ்வொன்றும் 800 கிலோ. பாம்பன் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது உயரமான டிரெய்லர் ஆடுவதற்கு மெத்தென்ற கார் டயரும் ஒரு காரணம். கெட்டியான பக்கச் சுவர் அந்த ஆட்டத்தைக் குறைக்கும். மாட்டு வண்டிக்கான டயரைப் படகு டிரெய்லரில் மாட்டி, கார் வேகத்தில் இழுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது மாட்டின் நடைக்குச் செய்த டயர்.

ரேடியலா நைலானா (குறுக்கு இழை போட்ட பழைய வகை டயர்) என்றால், நெடுஞ்சாலையில் தொலைதூரம் போவதற்கு ரேடியல், ஏனெனில் சூடு குறைவு. கரைக்கும் பட்டறைக்கும் இடையே மட்டும் மெதுவாகப் போய்வரும் படகு டிரெய்லருக்கு நைலான் போதும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் கூடவே கூடாது. மாற்றினால் ஜோடியாக, ஒரே அளவு, ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே வாரத்து டயராக மாற்றுங்கள். ரீட்ரேடு செய்த டயரை டிரெய்லருக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மேல் ரப்பர் புதிது, உள்கூடு எந்த ஆண்டுடையது என்று வாங்குபவருக்குத் தெரியாது. பக்கச் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். சற்றுப் பெரிய டயர் மாட்டுவதானால், சுமை ஏற்றிய நிலையில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

இனி நம் கடற்கரைக்கே உரிய சங்கதி. உப்பு ரப்பரை நேரே தின்பதில்லை, ரிம்மைத் தின்கிறது. படகை இறக்கும்போது டிரெய்லரின் சக்கரம் கடல் நீரில் மூழ்குகிறது. டியூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் வளையத்தில் உப்பு நீர் தங்கி, பெயின்டுக்கு அடியில் துரு கிளம்புகிறது. துரு கொப்பளித்துத் தூக்கும் இடத்தில் காற்று கசியும். பஞ்சர் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் காற்றழுத்தம் வாரத்துக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. இறங்கியிருக்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், அந்த மடிப்பில் சூடு ஏறும், சூட்டில் உள் அடுக்குகள் பிரியும், பிறகுதான் வெடிப்பு. அதாவது வெடித்தது டயர், தொடங்கியது ரிம்மில். எனவே புதிய டயர் மாட்டும் முன் ரிம்மின் அந்த வளையத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே டயரை ஏற்றச் சொல்லுங்கள். குழி விழுந்த ரிம்மைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாட்டியதும் சோப்பு நீரைச் சுற்றி ஊற்றி, விளிம்பிலும் வால்வு அடியிலும் குமிழி வருகிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்.

புது டயருக்குப் பழைய வால்வை விட்டுவைக்காதீர்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். 8 பிளை டயரில் அந்த அளவுக்குக் காற்று அடிப்பதானால் நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வே சரி. ரிம்மும் அந்தக் காற்றுக்குத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த எதிரி சீமைக் கருவேல முள். டயருக்குள் இறங்கி ஒடிந்த முள் வெளியே தெரியாது. அது குத்திய ஓட்டை ஊசித் துளை அளவுதான், காற்று இறங்க இரண்டு நாள் ஆகும். டயரைக் கழற்றி, உள்பக்கம் துணியால் துடைத்தால் துணி மாட்டும் இடத்தில் முள் முனை இருக்கும். கையால் தடவாதீர்கள். வெளியே இருந்து குச்சி வைத்து அடைப்பதை அவசரத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். தூரப் பயணத்துக்கு உள்ளிருந்து காளான் வடிவப் பட்டி (பேட்ச்) போட வேண்டும். அதுவும் பட்டன் பகுதியில், 6 மில்லிமீட்டருக்குட்பட்ட ஓட்டைக்கு மட்டும். பக்கச் சுவரில் குத்தியிருந்தால் எந்தப் பட்டியும் நிற்காது.

காற்று விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கார் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றளவு காருக்கானது, டிரெய்லருக்கு அல்ல. டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் முழு அளவுக் காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். லோடு இண்டெக்ஸ் சொல்லும் எடையை டயர் தாங்குவது அந்தக் காற்றில்தான். காலையில் வெயில் ஏறும் முன் பாருங்கள். சூடு 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும். மதியம் ஓடிவந்த டயரில் ஏழெட்டு பி.எஸ்.ஐ. அதிகம் காட்டுகிறது என்று இறக்கிவிடக் கூடாது. மறுநாள் காலையில் அது காற்றுக் குறைந்த டயர். மணலில் இறங்கக் காற்றைக் குறைத்திருந்தால் தார்ச் சாலையைத் தொட்ட இடத்திலேயே திரும்ப அடிக்க வேண்டும். காரின் சிகரெட் சாக்கெட்டில் செருகும் சிறு பம்பு இதற்காகவே வண்டியில் இருக்கட்டும். "பங்க்கில் பார்த்துக்கலாம்" என்று காற்றில்லாமல் ஓட்டும் அந்தப் பத்துக் கிலோமீட்டர்தான் டயரைக் கொல்கிறது.

டிரெய்லர் டயர் இறங்கினால் ஸ்டியரிங்கில் தெரியாது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தோ, கண்ணாடியில் புகை தெரிந்தோதான் ஓட்டுநர் அறிகிறார். அதனால் ராமநாதபுரத்தில் புறப்பட்டால் உச்சிப்புளியில் ஒருமுறை நிறுத்தி இரு டயரையும் இரு ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) புறங்கையால் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒரு டயர் மட்டும் கொதித்தால் காற்றுக் குறைவு, ஒரு ஹப் மட்டும் கொதித்தால் பேரிங் அல்லது பிரேக். டயர் மாற்றிய பிறகு முதல் 80 கிலோமீட்டருக்குள் நட்டுகளை எதிரெதிராக மீண்டும் இறுக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம்மில் நட்டு தளர வாய்ப்பு அதிகம். வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நிறுத்தி வைக்கும்போது சக்கரத்துக்கு அடியில் பலகை போடுங்கள், ஈர உப்பு மணலில் நேராக நிற்க விடாதீர்கள். வெயில் படும் பக்கம் பனையோலைப் பாயோ தட்டியோ சாத்தினால் போதும். நீண்ட நாள் என்றால் ஜாக்கி வைத்துச் சட்டத்தைத் தூக்கி, கட்டை கொடுத்து, டயரின் மேல் உள்ள எடையை எடுத்துவிடுங்கள். துருவுக்குப் பயந்து சட்டத்தில் கழிவு ஆயில் பூசும் வழக்கம் நம் கரையில் உண்டு. அது டயரில் வழிந்தால் ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும். வழிந்திருந்தால் சோப்பு நீரால் உடனே கழுவுங்கள்.

உங்கள் நாளிதழ் வழியாக மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். டயர் விற்கும் கடைக்காரர்கள் பில்லில் அளவோடு நிறுத்திவிடாமல், அந்த நான்கு இலக்கத்தையும் லோடு இண்டெக்ஸையும் எழுதித் தர வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடி வரையிலான பெட்ரோல் பங்க்குகளில் காற்று அடிக்கும் இயந்திரம் ஓடுவதோடு, அதன் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். டிரெய்லர் சக்கரம் கடலில் மூழ்கும் படகு இறங்கு தளங்களில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றை உள்ளாட்சி அமைப்புகள் போட்டுத் தர வேண்டும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர், ரிம்மின் உள்பக்கத்துக்கும் சேர்த்து, அன்றைக்கே ஊற்றினால் போதும்.

இப்படிக்கு,
டிரெய்லர், டயர் வேலை செய்வோர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.