எங்கள் தோட்டத்து ரூபார்ப்புக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கு,

இந்த வருஷம் சித்திரை முதல் நாள் எங்கள் வீட்டுப் பச்சடியில் மாங்காய் இல்லை. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு ஊரின் ஓரத்தில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் நிலத்தில் விளைந்த, மாங்காய் போலப் புளிக்கும் ரூபார்ப் என்ற செடியின் தண்டு இருந்தது. வெல்லமும் காய்ந்த மிளகாயும் அம்மா கொடுத்தனுப்பிய வேப்பம்பூவும் சேர்த்து இறக்கி வைத்தபோது, அந்த ஒரு சட்டிக்காக எத்தனை பேர் குனிந்து நிமிர்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வப்போது வாயால் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது; என் மகள் படித்துச் சொல்வாள். மற்றவர்களும், இந்த நாட்டில் மண்வெட்டி பிடிக்க ஆசைப்படும் நம் ஊர்க்காரர்களும் நேராகவே படியுங்கள்.

அலாட்மென்ட் என்பது நகராட்சி வருஷ வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டம். பழைய கணக்கில் முழுத் துண்டு பத்து ராடு, ஏறக்குறைய 250 சதுர மீட்டர். எனக்குக் கிடைத்தது பாதி. நம் கணக்கில் மூன்று சென்ட். அதற்கே வரிசையில் காத்திருந்து 2019 ஐப்பசியில்தான் சாவி கைக்கு வந்தது. முதலில் ரூபார்ப் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேக்ஃபீல்டு, மார்லி, ராத்வெல் என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே கிடக்கும் 9 சதுர மைல் நிலத்துக்கு ரூபார்ப் முக்கோணம் என்றே பெயர். இங்கே இருட்டுக் கொட்டகையில் வளரும் தண்டுக்கு 2010இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பும் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இது தானாக வரும் என்று நம்பினேன்.

நான் குளித்தலைப் பக்கத்து வாழைக்காரர் வீட்டுப் பெண். ரூபார்ப் விதையிலிருந்தும் வரும், ஆனால் வேர்க்கட்டையை வைப்பதுதான் வழக்கம். அந்தக் கட்டையைக் கையில் வாங்கியதும் எனக்கு வாழைக்கன்றுதான் ஞாபகம் வந்தது. ஒரு முழம் ஆழத்துக்குக் குழி எடுத்தேன், கட்டையை உள்ளே இறக்கினேன், குதிரைச் சாணத்தைத் தலைமேல் கொட்டினேன், மண்ணை மிதித்துவிட்டேன். மூன்று கட்டைகளையும் அப்படியே வைத்தேன். 2020 பிப்ரவரியில் அடுத்தடுத்துப் புயல்கள் வந்தன. இங்கிலாந்தில் அதுவரை பதிவானதிலேயே அதிக மழை பெய்த பிப்ரவரி அது. எங்கள் மண் களிமண். குழி கிணறாக நின்றது.

பக்கத்துத் துண்டுப் பெரியவரே, மார்ச் கடைசியில் நீங்கள் வந்ததை மறக்க முடியாது. ஊரடங்கு தொடங்கிய வாரம் அது. நான் மருத்துவமனை வார்டில் தொடர்ந்து இரவுப் பணி பார்த்துவிட்டு, அரை மணி நேரம் காற்று வாங்க வந்திருந்தேன். இரண்டு மீட்டர் தள்ளி நின்றபடி, "அதைத் தோண்டிப் பாரம்மா" என்றீர்கள். தோண்டினேன். கட்டை பழுப்புக் கூழாகி நாறியது. மற்ற இரண்டும் அப்படித்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதது கட்டைக்காக மட்டும் இல்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்; நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பாடம் சொன்னீர்கள்: மொட்டு மண்மட்டத்தில் தெரிய வேண்டும், எருவைச் சுற்றிலும் போடு, தலைமேல் போடாதே, தண்ணீர் நிற்கிற இடத்தில் வைக்காதே.

அந்தக் கார்த்திகையில் உங்கள் டிம்பர்லி எர்லி என்ற ரகச் செடியின் கட்டையையே மண்வெட்டியால் பிளந்து, இரண்டு மொட்டு உள்ள துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்கு மேட்டுப்பாத்தி போட லீட்ஸிலிருந்து காரில் மக்கிய உரமும் மணலுமாக ஏற்றிக்கொண்டு வந்தது நம் சிவகங்கை அண்ணன். "தங்கச்சி, நீ ஓரமா உட்காரு" என்று சொல்லிவிட்டு, மழையிலேயே நாள் முழுக்கக் கொத்தினார். அண்ணே, அந்த மேட்டில்தான் இன்றைக்கும் செடி நிற்கிறது.

அடுத்த நன்றி, கேட்டருகே என்னைத் தடுத்து நிறுத்திய அம்மாவுக்கு. 2022 சித்திரையில் முதன்முறையாக நாலு தண்டு எடுத்தேன். முதல் வருஷம் ஒரு தண்டுகூடத் தொடக் கூடாது என்ற கட்டளையைக் காப்பாற்றியிருந்தேன். தண்டை ஒடிக்காமல், கத்தியும் வைக்காமல், அடியைப் பிடித்துத் திருகி இழுக்கவும் கற்றிருந்தேன். ஆனால் இலைகளைப் பார்த்து மனசு கேட்கவில்லை. சேப்பங்கிழங்கு இலை போல அவ்வளவு பெரிது, அவ்வளவு பச்சை. புளி விட்டுக் கடையலாம் என்று பையில் மடித்து வைத்துவிட்டேன். நீங்கள் பையைப் பார்த்தீர்கள்; கையைப் பிடித்துவிட்டீர்கள். ரூபார்ப் இலை நஞ்சு. ஆக்ஸாலிக் அமிலம் நிறைந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், பஞ்சத்துக்கு இதையும் கீரையாகச் சாப்பிடலாம் என்று இந்த நாட்டில் சொல்லப்போய், உயிரே போயிருக்கிறது. சேப்பிலையை வேகவைத்து அரிப்பைப் போக்குகிற நம் கைப்பழக்கம் இங்கே செல்லாது. நம் வீடுகளில் எந்த இலையையும் வீணாக்க மனசு வராது, அதனால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்: தண்டு மட்டும்தான். இலை உரக்குழிக்கு. நீங்கள் தடுக்காவிட்டால் அன்று இரவு அந்தக் கீரையை என் மகளும் சாப்பிட்டிருப்பாள். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

(சித்த மருத்துவம் படித்த என் மைத்துனி சொன்ன பிறகுதான் தெரிந்தது: நாட்டு மருந்துக் கடையில் பேதியாவதற்குக் கொடுக்கிற ரேவல்சின்னி இதே குடும்பத்துச் செடியின் வேராம். பெயர் தெரியாமலே பழகிய சொந்தம்.)

அந்த வருஷக் கோடையைச் சொல்ல வேண்டும். ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி. இந்த நாட்டில் அதற்குமுன் அப்படி ஒரு வெயில் பதிவானதில்லை. நான் அப்போது திருச்சியில், இடுப்பெலும்பு முறிந்த அம்மா பக்கத்தில் இருந்தேன். குளிர் தேசத்துச் செடி அது. வெயில் ஏறினால் இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிடும்; மண் காய்ந்தால் அடுத்த வருஷத்து மொட்டும் பலவீனமாகும். ஆகஸ்ட் கடைசியில் யார்க்ஷயரில் ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சவும் தடை வந்துவிட்டது. அப்போது முறை வைத்துப் பூவாளியில் தண்ணீர் சுமந்தவர்கள் நீங்கள் ஆறு பேர். யார் எந்த நாள் என்று தோட்டத்துக் குடிசைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தீர்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோதும் அந்த எழுத்து அழியாமல் இருந்தது. இப்போதும் அழிக்கவில்லை. செடியைச் சுற்றி வைக்கோல் மூடாக்குப் போட்டது யாரென்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கும் சேர்த்து என் வணக்கம்.

மூலைத் துண்டுப் பாட்டிம்மா, உங்களுக்குத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த தையில், கடைகளில் இளஞ்சிவப்புத் தண்டு வந்ததைப் பார்த்துவிட்டு நானும் அப்படி இருட்டில் தண்டு வளர்க்கச் செடிமேல் தொட்டியைக் கவிழ்க்கக் கிளம்பினேன். நீங்கள் தேநீர் ஊற்றிக் கொடுத்து உங்கள் அப்பாவின் கதையைச் சொன்னீர்கள். இருட்டுக் கொட்டகையில் ரூபார்ப் வளர்ப்பவர்கள் கட்டையை முதலில் வெளி நிலத்தில் இரண்டு வருஷம் ஒரு தண்டும் எடுக்காமல் கொழுக்க விடுவார்கள். கம்பளி ஆலைக் கழிவை உரமாகப் போடுவார்கள். உறைபனி பட்ட பிறகே உள்ளே எடுப்பார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் தண்டு பறிப்பார்கள். இருட்டில் வளரும் தண்டு, வேரில் சேர்ந்த சத்தைத்தான் தின்று வளர்கிறது. அறுவடை முடிந்ததும் அந்தக் கட்டையே ஓய்ந்துபோகும். "உன் செடி வெயிலில் அடிபட்டு வந்திருக்கிறது, அதனிடம் கடன் கேட்காதே" என்றீர்கள். தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டேன். அந்தச் சித்திரையில் நான் எதுவும் எடுக்கவில்லை. போன வருஷம் மூன்றில் ஒரு பங்கு. பூத்தண்டு கிளம்பினால் அன்றே அடியோடு எடுத்துவிடுகிறேன்.

இந்த வருஷம் பதினெட்டுத் தண்டு. பச்சடிக்கு எட்டு போதும். இது மாங்காய் போல நின்று வேகாது, தானே தண்ணீர் விட்டுச் சில நிமிஷத்தில் குழைந்துவிடும். அதனால் வெல்லப் பாகைக் காய்ச்சி வைத்துக்கொண்டு கடைசியில்தான் துண்டுகளைப் போட வேண்டும். மீதித் தண்டுகளை அன்று மாலையே உங்கள் குடிசைக் கதவுகளில் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் விழுந்து யாருக்காவது கிடைக்காமல் போயிருந்தால் சொல்லுங்கள், வேறு தருகிறேன். ஜூன் கடைசிவரை எடுக்கலாம்.

செடிக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. வருகிற கார்த்திகையில் கட்டையைப் பிளக்கப் போகிறேன். நாலைந்து துண்டாவது தேறும். வேண்டுமென்பவர்கள் ஈரச்சாக்கோடு வாருங்கள். முதல் துண்டு மட்டும் பெரியவருக்கு. முழங்கால் முடியாமல் அவர் தோட்டத்தை விட்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டார். பால்கனி இருக்கிறது. அரை மீட்டர் அகலத் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு படியேற அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
பாதித் துண்டுத் தோட்டக்காரி