அந்த மணல் எங்களுக்கு வரவேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பிரம்மா மாவு பிசைந்து பூமியைச் செய்ததாக ஒரு நகைச்சுவைக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மாவு காய்வதற்குள் ஓரத்தைப் பிடித்துத் தள்ளியதில் சுருண்டதுதான் இமயமலை, கை உதறியதில் தெறித்ததுதான் அந்தமான் என்று போகும். பேத்தி வாசிக்க வாசிக்க நானும் நன்றாகச் சிரித்தேன். இமயமலைக் கதை பெரிய பொய்யும் இல்லை. இந்திய நிலத்தட்டு சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன்னால் ஆசியாவில் போய் முட்டி, நிலம் மடிந்து எழுந்ததுதானே அந்த மலை.

அப்புறம் அந்த வரி வந்தது. ‘சலித்த நல்ல மாவை மெரினாவில் தூவிவிட்டு, கை கழுவிய தண்ணீரை ராயபுரத்துக்கு வடக்கே ஊற்றினார்.’ பேத்தி நிமிர்ந்து, “தாத்தா, அது நம்ம ஊருதானே?” என்றாள். அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐயா, மெரினாவை யாரும் தூவவில்லை. தங்களுக்குத் தெரியாததா? 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 புயலில் உடைந்தது, திரும்பவும் கட்டினார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கம் தேங்கிவிட்டது. இன்று ஊரே காற்று வாங்கப் போகிற மெரினா அந்த மணல்தான். வடக்கே எங்களுக்கு வரவேண்டியது வரவில்லை. கடல் எங்கள் கரையை அரிக்க ஆரம்பித்தது.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பா என்னைக் கரைக்கு அழைத்துப்போய், பீடி பிடித்த கையை நீட்டித் தண்ணீரைக் காட்டுவார். “அங்கதாண்டா நம்ம பழைய வீடு.” அவர் காட்டிய இடத்தில் கட்டுமரம் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அப்புறம் நாங்கள் குடியேறிய தெருவும் என் கண் முன்னாலேயே போனது. வலை உலர்த்தின மணலில் இப்போது கருங்கல்தான் கிடக்கிறது. பைபர் படகைக் கரையில் ஏற்றக்கூட இடம் தேட வேண்டியிருக்கிறது. அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். போட்ட இடத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்தது, அதற்கு வடக்கே இருக்கிறவன் வாசலுக்குக் கடல் வந்தது. இதெல்லாம் கை கழுவிய தண்ணீரா?

கட்டுரையில் கொடுங்கையூர் மேட்டையும் ‘பிரம்மா மறந்துவிட்டுப் போன குன்று’ என்று எழுதியிருந்தார்கள். அது லாரி லாரியாக ஊர்க் குப்பை கொட்டி ஏறின மேடு. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கணுக்கால் வரை புதைவது வெறும் சேறு இல்லை, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சாந்து. என் அத்தை அங்கேதான் கையால் தடவி இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய் அந்தச் சேற்றின் மேல்தான் படிந்தது. அப்போது படகிலிருந்து கையால் எண்ணெய் வழித்தவர்களில் என் தங்கை மகனும் ஒருவன். நகம் முழுக்கக் கறுத்து வந்தான்.

முப்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். கடற்கரை என்று படம் போட்டால் மெரினா, இல்லையென்றால் பெசன்ட் நகர். எங்கள் பக்கம் படகு கவிழ்ந்தாலோ வெட்டுக்குத்து நடந்தாலோதான் படம் வரும். கடல் அரிப்பைப் பற்றி இரண்டு முறை எழுதிப் போட்டேன். வெளியிடவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரம்மா கை கழுவுவதற்கு மட்டும் அரைப் பக்கம் இருந்திருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

எழுதியவரைத் திட்டச் சொல்லவில்லை. சிரிக்க வைக்கத் தெரிந்தவர், இன்னும் எழுதட்டும். நான் கேட்பது நாலு வரிதான். மெரினா மணல் எப்படிச் சேர்ந்தது, எங்கள் கரை எப்படிப் போனது என்று அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். பேத்தி அந்தக் கட்டுரையை வெட்டிப் பள்ளி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். எதிர்ப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை–19