பூசணியையும் சிட்டையும் விமானம் ஏற்றி விட்டவர்களுக்கு

அன்புள்ள கிருஷ்ணகிரி ஊராருக்கு,

எங்கள் பூனைகள் பூசணியும் சிட்டும் நல்லபடியாக ஜெர்மனி வந்து சேர்ந்துவிட்டார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "பூனைங்க எப்படி இருக்கு?" என்று அம்மாவை ரவுண்டானாவில் நிறுத்திக்கூட விசாரிக்கிறீர்களாம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டவர்கள் கொஞ்சம் குறைவுதான் என்று அம்மா சொன்னார். பரவாயில்லை.

இந்த மடலில் நான் நன்றி சொல்லப் போகிறவர்களில் பாதிப் பேர் பூனை வளர்த்தவர்களே கிடையாது. ஒருவருக்குப் பூனை குறுக்கே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற பழக்கம். "பூனைக்கா இவ்ளோ பாடு?" என்று கேட்காதவர் யாரும் இல்லை. கேட்டுக்கொண்டே வேலையையும் முடித்துக் கொடுத்தார்கள். "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்று இனிக்க இனிக்கப் பேசிய சிலர்தான் தேவைப்பட்ட நேரத்தில் போனை எடுக்கவில்லை. அதனால், பூனைக்கா என்று கேட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே வருவது கறவை மாடு, வெள்ளாடு, எப்போதாவது ஒரு நாய். ஜெர்மனிக்குப் போகிற பூனை அவருக்கும் புதிதுதான். "எனக்கு இது தெரியாது பாப்பா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அடுத்த முறை போனபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை அச்செடுத்து, சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். முதலில் தோலுக்கடியில் வைக்கிற அடையாள எண் சிப், அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. சிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ஊசி கணக்கிலேயே வராது. எங்கள் வீட்டில் வருடா வருடம் ஊசி போட்டு அட்டையும் பத்திரமாக வைத்திருந்தோம். அப்படியும் மறுபடி போட வேண்டியதாயிற்று. ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகு இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். வெறிநோய்க்கு எதிரான சக்தி ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். அது இருந்தாலும் உடனே கிளம்ப முடியாது, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வெறிநோய் விஷயத்தில் அவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிற நாடுகளுக்கு இந்தப் பரிசோதனை இல்லை. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இதே நேரத்தில் ஓர் ஏஜெண்ட், "ரத்த டெஸ்ட்டெல்லாம் சும்மா மேடம், சர்டிபிகேட் இருந்தா போதும்" என்று சொல்லி, இரண்டு கறவை மாடு வாங்குகிற அளவுக்குப் பணமும் கேட்டார். அவர் பேச்சைக் கேட்டுப் போயிருந்தால் பிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் பூனைகளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அல்லது எங்கள் செலவிலேயே தனியே அடைத்து வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் கடைசியாகக் கருணைக்கொலை வரைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த வரியின் கீழ் டாக்டரம்மா இரண்டு கோடு போட்டிருந்தார்.

இரத்தம் எடுத்த நாளை மறக்க முடியாது. பொங்கல் முடிந்து எருது விடும் விழாக்கள் சூடு பிடித்திருந்த நேரம். தகுதிச் சான்று வாங்க வந்த காளைகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, கொம்பில் பெயின்ட், கழுத்தில் சலங்கை. நடுவில் நான் இரண்டு கூடையோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காளைக்காரர் எட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு விழாவுக்கும்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அங்கே இருக்கும் உதவியாளர் அண்ணன் காலையிலிருந்து மூக்கணாங்கயிறு பிடித்துப் பிடித்துக் கை சிவந்து போயிருந்தார். அதே கையால் சிட்டை ஒரு துண்டில் சுற்றி, முன்னங்காலை மட்டும் வெளியே எடுத்து, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். அழுத்தவே இல்லை, பிடியைத் தளர்த்தவும் இல்லை. டாக்டரம்மா மயிரைக் கொஞ்சம் மழித்து, நரம்பைத் தட்டி, ஊசியை வைத்தார். சிட்டு ஒரு சத்தம் போடவில்லை. பூசணி வழக்கம்போல ஊரைக் கூட்டினான். அண்ணனின் மணிக்கட்டில் அவன் போட்ட கீறல் இப்போது ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். அன்றைக்கு அவர் தனக்கு ஊசி போட்டுக்கொண்டாரா என்றுகூடக் கேட்காமல் ஓடிவந்துவிட்டேன், அடுத்த அவசரம் அப்படி.

இரத்தத்தை அப்படியே அனுப்பக் கூடாது. உறைய விட்டு, மெஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கிற சீரத்தை மட்டும் பிரித்து, குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும். மெஷின் இருந்தது மனிதர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு பார்க்கிற லேபில். அங்கிருந்த தம்பி முதலில் தயங்கினார், ஓனரிடம் போனில் கேட்டார், பிறகு, "சரிக்கா, குடுங்க, பூனை ரத்தமும் சுத்தத்தான் செய்யும்" என்றார். அவர்களுடைய கம்ப்யூட்டர் திரு, திருமதி, செல்வி ஏதாவது ஒன்று போடாமல் பில் அடிக்காதாம். அதனால் "திரு. பூசணி, வயது 4" என்று ஒரு ரசீது வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு இங்கே சமையலறையில் மாட்டியிருக்கிறேன். ஆனால் குப்பி மேல் ஒட்ட வேண்டிய சீட்டில் மட்டும் தம்பி விளையாடவில்லை. 15 இலக்க சிப் எண்ணை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து, என்னைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் ஒட்டினார். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் மூன்று மாதமும் வீணாகியிருக்கும்.

குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது என்று நின்றபோது கைகொடுத்தது கே.ஆர்.பி. அணை மீன்கடை அக்கா. தெர்மாகோல் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, ஐஸோடு கொடுத்தார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெங்களூரு கூரியர் ஆபீஸில் வேறு பெட்டிக்கு மாற்றுகிற வரைக்கும் சீரம் போனது அதில்தான். எவ்வளவு கழுவியும் ஜிலேபி மீன் வாசம் போகவில்லை. திரும்பி வந்த காலிப் பெட்டிக்குள் பூசணி ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான்.

புளி மண்டிக்காரருக்கு ஒரு தனி நன்றி. கேபினுக்குள் பையோடு சேர்த்து 8 கிலோ வரைக்கும்தான் அனுமதி என்று விமான நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டுத் தராசில் பூசணி நிற்க மாட்டான். மண்டியில் புளி நிறுக்கிற மின்தராசில் கூடையோடு வைத்து, கூடையைக் கழித்துப் பார்த்தோம். மண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "புளியா இருந்தா நல்ல விலை போயிருப்பான்" என்றார். சிட்டு சுலபமாகத் தேறிவிட்டாள். பூசணி தேறவில்லை. அவன் விமானத்தின் கீழ்ப்பகுதியில், உயிருள்ள விலங்குகளுக்காகக் காற்றழுத்தமும் சூடும் சரியாக வைத்திருக்கிற அறையில்தான் வந்தாக வேண்டும் என்று அன்று முடிவாயிற்று. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

அப்படி வருவதற்கு வாங்கிய கூண்டின் கதை பழையபேட்டை ஹார்டுவேர் கடைக்காரருக்குத் தெரியும். பிளாஸ்டிக் கூண்டு வாங்கினால் மேல்பாதியையும் கீழ்பாதியையும் சேர்க்க பிளாஸ்டிக் கிளிப்தான் வருகிறது. பறக்கிற கூண்டுக்கு அது போதாது, இரும்பு போல்ட் நட்டு வேண்டும். கடைக்காரர் கூண்டைத் தரையில் வைத்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவு பார்த்து, போல்ட், வாஷர், நட்டு என்று வரிசையாக எடுத்து வைத்தார். உள்பக்கம் போல்ட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் பூனைக்குக் குத்தும் என்று, யாரும் சொல்லாமலேயே முனைகளை அறுத்து ராவிவிட்டார். பூனை குறுக்கே வந்தால் வண்டியைத் திருப்புகிறவர் இவர்தான்.

காத்திருந்த மூன்று மாதமும் கூண்டு கூடத்தில் கதவு திறந்தபடியே கிடந்தது. சாப்பாட்டை அதற்குள் வைத்தால் அது அவர்களுக்கு வீடாகிவிடும் என்பது டாக்டரம்மா சொன்ன யோசனை. வைத்தது அம்மா. வாயைத் திறந்தால் "சனியன்களா" என்றுதான் கூப்பிடுவார். கூண்டுக்குள் விரிக்கத் தன் பழைய நூல்புடவையைக் கிழித்துக் கொடுத்ததும் அவர்தான். வேலை நிமித்தம் கணவர் முன்னாலேயே கிளம்பிவிட்டதால், இரவு கூண்டுக்குள்ளிருந்து வருகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து பார்த்ததும் அம்மாதான்.

தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பச் சொல்லி நிறையப் பேர் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். டாக்டரம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். உயரத்தில் இரத்த அழுத்தம் குறையும், நிற்கத் தடுமாறும், மயங்கிக் கிடக்கிற விலங்கை விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள். வெளிநாடு கிளம்புகிற யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

அப்புறம் கார் ஓட்டுநர் அண்ணன். மத்திய அரசின் விலங்கு குவாரன்டீன் அலுவலகம் நாட்டில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு என்று ஆறு ஊர்களில்தான் இருக்கிறது. நமக்குப் பக்கம் பெங்களூரு. அங்கே கொடுக்கிற சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாள்தான் செல்லும், அதற்குள் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும். அதனால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. சூளகிரி தாண்டியதிலிருந்து பூசணி கத்த ஆரம்பித்தான். அத்திப்பள்ளியில் நெரிசல், சில்க் போர்டில் அதைவிட நெரிசல். அண்ணன் பாட்டை நிறுத்தி, ஏசியைக் கூட்டி, ஹாரனே அடிக்காமல் ஓட்டினார். பெங்களூருவில் ஹாரன் அடிக்காமல் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் என் ஆங்கிலம் பாதியில் நின்றபோது உள்ளே வந்து கன்னடத்தில் பேசி, எந்தத் தாள் குறைகிறது என்று கேட்டுச் சொன்னதும் அவர்தான். அங்கிருந்த அதிகாரியும் பொறுமைசாலி. ஜெர்மன் மொழியும் ஆங்கிலமுமாக இருந்த படிவத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, எங்கே நான் கையெழுத்துப் போட வேண்டும், எங்கே போடவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பூனையைப் பையிலிருந்து வெளியே எடுத்தே ஆக வேண்டும். பை மெஷினுக்குள் போகும், பூனை நம் கையில் வரும். நான் மாதக்கணக்கில் பயந்தது இதற்குத்தான். பணியிலிருந்த பெண் காவலர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பெண்களைச் சோதிக்கிற திரை மறைவுக்குள் அழைத்துப்போய், திரையின் இரண்டு ஓரத்தையும் தன் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிட்டின் காதுக்குப் பின்னால் ஒரு விரலால் தடவினார். பை வந்து சேரும்வரை அப்படியே நின்றார். இந்த மடலை அவரால் படிக்க முடியாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நன்றி அக்கா.

பிராங்க்ஃபர்ட்டில் சுங்கத்திடம் காட்ட வேண்டியது இருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போனோம். சிப்பைப் படித்தார்கள், தாளைப் பார்த்தார்கள், முடிந்தது. அவ்வளவு மாதம் பட்ட பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரமாவது பார்த்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

இங்கே எங்களுக்கு வீடு தேட உதவியவர் பென்னாகரத்துக்காரர். அச்சடித்த பொது வாடகை ஒப்பந்தத்தில் பூனை, நாய் வளர்க்கவே கூடாது என்று மொத்தமாக எழுதி வைத்தால் செல்லாது என 2013-லேயே ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். ஆனாலும் சட்டம் பேசாமல் வீட்டுக்காரப் பாட்டியிடம் பூசணியின் போட்டோவைக் காட்டச் சொன்னார். போட்டோ வேலை செய்தது. இங்கே நாய்க்கு வரி உண்டு, பூனைக்குக் கிடையாது. அதைக் கேட்டதிலிருந்து கணவர் நாய்ப் பேச்சையே எடுப்பதில்லை. பென்னாகரத்துக்காரரின் மனைவி நாங்கள் வருவதற்கு முன்பே ஜன்னல்களுக்கெல்லாம் தடுப்பு மாட்டி வைத்திருந்தார். இந்த ஊர் ஜன்னல்கள் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து திறக்கும். அந்த இடுக்கில் வெளியேறப் பார்த்துச் சிக்கி உயிரை விடுகிற பூனைகள் உண்டாம். எனக்கு அது தெரிந்திருக்கவே நியாயமில்லை.

பக்கத்து வீட்டு அத்தைக்கும் சொல்ல வேண்டும். இவர்களின் தாய்ப்பூனை கையில் பிடிபடுகிற ஜாதி இல்லை. மாந்தோப்பிலேயே பிறந்து தோப்பிலேயே திரிகிறவள். அவளைக் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்திருந்தால் அது அவளுக்கு நல்லதாக இருந்திருக்காது. தினமும் சாயந்திரம் தோப்பு வேலியோரம் அத்தை பால்சோறு வைக்கிறார். அவள் சாப்பிடுகிற வீடியோவையும் அனுப்புகிறார், பாதி நேரம் அவருடைய கட்டை விரல்தான் தெரிகிறது. அனுப்பிக்கொண்டே இருங்கள் அத்தை.

யாருமே சரியாகக் காசு வாங்கவில்லை என்பதால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மாம்பழ சீசன் வந்துவிட்டது, இந்த வாரம் அப்பா கூடையோடு வருவார். டாக்டரம்மாவுக்கும் உதவியாளர் அண்ணனுக்கும் மல்கோவா. லேப் தம்பிக்கும் ஓட்டுநர் அண்ணனுக்கும் செந்தூரா. மீன்கடை அக்கா ஊறுகாய்க்குக் கேட்டதால் கிளிமூக்கு, காயாகவே. ஹார்டுவேர் கடைக்காரருக்கு அல்போன்சா. மண்டிக்காரர் மட்டும் தன் கூடையைத் தானே நிறுத்து எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
பூசணி, சிட்டு வீட்டுக்காரி